இடது கைக்கு ஒன்றுமில்லாத கேமரா

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். மேல வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணனைப் பார்க்கத்தான். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. 1968-ல், எனக்குப் பதினான்கு வயதில், கோடை விடுமுறைக்கு அந்த ஸ்டுடியோவில் எடுபிடியாகப் போனேன். அன்று முதல் அவர் எனக்கு அண்ணன். தன் பெயரை எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் அண்ணன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் மடங்கியபடி மடியிலேயே கிடக்கிறது. ஸ்டுடியோவை மகன் பார்த்துக்கொள்கிறான். அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேமரா பேச்சு எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்றைக்கு என் தோளில் டிஎஸ்எல்ஆர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஓய்வு பெற்றபோது மகன் வாங்கித் தந்தது. என்ன தோன்றியதோ, "குடு பாப்போம்" என்று இடது கையை நீட்டினார். வாரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டுக் கேமராவைக் கையில் வைத்தேன். கண்ணால் பார்க்கவில்லை. விரலால்தான் பார்த்தார். இடது கட்டைவிரல் முதுகுப் பக்கம் முழுவதும் தடவியது. ஆள்காட்டி விரல் மேலே ஏறி எதையோ தேடியது. பிடி வலப்பக்கம். ஷட்டர் பட்டன் வலப்பக்கம். அதன் பின்னால் சுழல்கிற சக்கரமும் வலப்பக்கம். தலைகீழாகப் பிடித்தால் பட்டன் இடது கைக்கு வரும் என்று அதையும் செய்து பார்த்தார். ஒற்றைக் கையில் லென்ஸின் கனம் முன்னால் இழுத்தது. நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல இடது கைக்கு ஒண்ணுமே வைக்கலையே தம்பி" என்றார்.

பேரப்பிள்ளை உள்ளிருந்து, "தாத்தா, போன்ல எடுங்களேன், எந்தக் கையால வேணா எடுக்கலாம்" என்றான். "அதுல விரலுக்கு எதுவும் தட்டுப்படல போ" என்று சிரித்தார். பிறகு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வருகையில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிறவரை அதே நினைப்புதான். ஏன் எல்லாமே வலப்பக்கம்? அது எப்போது, யாரால் அப்படி ஆனது? எனக்குத் தெரிந்ததையும் அண்ணனிடம் கற்றதையும் சேர்த்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போன காலத்தில் ஸ்டுடியோவில் இருந்தது ஸ்டாண்டு கேமரா. மரப்பெட்டி, தோல் துருத்தி, பின்னால் கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டால் சொரசொரப்புக் கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவார். அந்தக் கேமராவுக்கு வலதும் கிடையாது, இடதும் கிடையாது. லென்ஸிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வரும். குழாயின் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் உருண்டை. அதற்குப் பெயர் பல்பு. அமுக்கினால் காற்று போய் ஷட்டரைத் திறக்கும். அமுக்கியபடி இருந்தால் திறந்தே இருக்கும், விட்டால் மூடும்.

அண்ணனின் அப்பா ஃபோகஸ் பார்த்ததும் துணியை விட்டு வெளியே வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். பல்பு ஒரு கையில் இருக்கும். கண் கேமராவில் இருக்காது, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் இருக்கும். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் எங்கள் ஸ்டுடியோவுக்குச் சோறு போட்டது. பட்டமளிப்பு சமயத்தில் அங்கி போட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவருடனும் ஏதாவது பேசிக்கொண்டே, முகம் இளகும் நொடியில் பல்பை அமுக்குவார். எடுத்துவிட்டது பாதிப் பேருக்குத் தெரியாது.

வீட்டுக் கேமரா என்றால் அந்தக் காலத்தில் அக்ஃபா கிளிக் 3. நம்மில் பலர் அதை வைத்திருப்போம். வெயில், மேகம் என்று படம் போட்ட ஒரு சிறு நெம்பு, ஒரு பட்டன், அவ்வளவுதான். ஒரு ரோலில் 12 படம். அதில் கைக்குப் பெரிதாக வேலை இல்லை. விரல்களுக்கு உண்மையான வேலை வந்தது 35 மில்லிமீட்டர் கேமராவோடுதான்.

1925-ல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த லைக்காதான் அந்த அளவு ஃபிலிமை உலகம் முழுக்கப் பரப்பியது. சினிமா ஃபிலிமை வைத்து உள்ளங்கைக்கு அடங்கிய கேமரா. ஃபிலிம் டப்பா இடப்பக்கம் உட்காரும். அங்கிருந்து ஃபிலிம் வலப்பக்கச் சுருளுக்கு ஓடும். இழுக்கிற குமிழ் சுருளுக்கு மேல்தானே இருக்க வேண்டும்? அதனால் அது வலப்பக்கம். பக்கத்திலேயே ஷட்டர் பட்டன். இழு, அமுக்கு, இழு, அமுக்கு. இரண்டும் வலது கைக்குப் போய்ச் சேர்ந்தன. இடது கைக்கு லென்ஸைத் திருப்புகிற வேலை. இன்றைக்கு என் டிஎஸ்எல்ஆரில் இருக்கிற ஏற்பாடும் இதுதான். இழுக்க ஃபிலிமே இல்லாதபோதும் இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

ஆனால் இதுதான் ஒரே வழி என்று அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை. 1936-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் இஹாகே கம்பெனி கினே எக்ஸாக்டா என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி வைத்து, லென்ஸ் பார்ப்பதையே நம் கண்ணுக்குக் காட்டும் ரிஃப்ளெக்ஸ் கேமரா. கண்ணாடி வைக்கும் யோசனைக்கு 1861-லேயே இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார். அதை 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று எக்ஸாக்டா. அதில் ஃபிலிம் இழுக்கும் நெம்பு இடப்பக்கம்! ஷட்டர் பட்டனும் இடப்பக்கம், அதுவும் மேலே இல்லை, முன்முகத்தில். வலது கை லென்ஸைத் திருப்பும், இடது கை அமுக்கும். லைக்காவுக்கு நேர் எதிர்.

அண்ணன் வாங்கிய முதல் சொந்தக் கேமராவே எக்ஸாக்டாதான். 1970-ல் சென்னை மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கினார். "வரெக்ஸ்" என்று முகத்தில் எழுதியிருந்த மாடல். ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ' (1954) பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர் நீள லென்ஸ் மாட்டி எதிர் வீட்டை நோட்டம் விடுவாரே, அவர் கையில் இருப்பதும் எக்ஸாக்டாதான்.

அண்ணன் வலதுகைக்காரர். ஆனாலும் ஒரு மாதத்தில் இடது கை பழகிவிட்டது. படம் எடுத்ததும் உள்ளே கண்ணாடி தூக்கியபடியே நின்றுவிடும், கண் இருட்டிவிடும். அடுத்த ஃபிலிமை இழுத்தால்தான் வெளிச்சம் திரும்பும். அந்த நெம்புக்கு நீளமான வீச்சு, ஏறக்குறைய ஒரு வட்டமே சுற்ற வேண்டும். இன்னொரு விசேஷம், கேமராவுக்குள்ளேயே ஒரு சிறு கத்தி இருந்தது. அடியில் ஒரு திருகைக் கழற்றி இழுத்தால், எடுத்த மட்டும் ஃபிலிமை அறுத்துவிடும். மீதி ரோல் பத்திரமாக இருக்கும். விண்ணப்பம் கட்டக் கடைசி நாள் என்று பையன்கள் மூச்சிரைக்க ஓடிவருவார்கள். இரண்டு படம் எடுத்து, இருட்டறையில் அந்த அளவுக்கு மட்டும் அறுத்துக் கழுவி, சாயந்தரத்துக்குள் கொடுத்துவிடுவார். ஃபிலிம் கிடைப்பது அருமையான காலம். ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. அந்த இந்து ஃபிலிமும் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவும்தான் எங்கள் அலமாரியில் இருக்கும். ஒரு ரோலை வீணாக்க யாருக்கும் மனசு வராது.

எக்ஸாக்டாவின் வழியை மற்ற கம்பெனிகள் பின்பற்றவில்லை. 1949-ல் வந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவில் ஐங்கோணப் பட்டகம் வந்தது. அதனால் படம் இடவலம் மாறாமல் நேராகத் தெரிந்தது. கேமராவின் தலையில் நடுவில் ஒரு திமில் போல இருக்கிறதே, அது அந்தப் பட்டகம் உட்காரும் இடம். 1954-ல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் 2பி, கண்ணாடி உடனே கீழே திரும்பும்படி செய்தது. கண் இருட்டுவது நின்றது. 1959-ல் நிகான் எஃப் வந்தது. பட்டகம், திரும்பும் கண்ணாடி, மாற்றக்கூடிய லென்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இவை எல்லாவற்றிலும் இழுப்பதும் அமுக்குவதும் வலது கை. அதோடு வழக்கு முடிந்துவிட்டது.

அண்ணனும் பிறகு ஜப்பான் கேமராவுக்கு மாறினார், பென்டாக்ஸ் கே1000. அதில்தான் எனக்குப் பாடம் நடந்தது. கடலூரில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, ஒரு ஞாயிறு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "100 ஏஎஸ்ஏ ஃபிலிம். நல்ல வெயில். அப்பர்ச்சர் 16, ஷட்டர் 125. எழுதி வச்சுக்காத, விரல்ல வச்சுக்க" என்றார்.

விரலில் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அப்புறம்தான் புரிந்தது. ஷட்டர் டயலில் 30, 60, 125, 250, 500 என்று எண்கள். ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரம். ஒரு சொடுக்கு திருப்பினால் வெளிச்சம் பாதியாகும். லென்ஸில் 4, 5.6, 8, 11, 16 என்று வளையம். அங்கேயும் ஒரு சொடுக்கு என்றால் பாதி. ஆகவே இங்கே ஒரு சொடுக்குக் கூட்டினால் அங்கே ஒரு சொடுக்குக் குறைக்க வேண்டும், கணக்கு சரியாகிவிடும். எண்ணைப் படிக்கவே வேண்டாம், டக் டக் என்று எண்ணினால் போதும். சிவராத்திரி சமயத்து நாட்டியாஞ்சலியில் மேடை வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை ஆடுகிற பெண்ணை விட்டு எடுக்காமல், டயலை மட்டும் திருப்பிக்கொண்டிருப்பார் அண்ணன். கேமராவைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை.

இந்த டயல்களுக்கு ஆபத்து வந்தது 1985-ல். மினோல்டா 7000 தானாக ஃபோகஸ் செய்யும் வசதியோடு வந்தது. டயல்களைத் தூக்கிவிட்டு, கால்குலேட்டர் போலப் பட்டன்களும் சின்னத் திரையும் வைத்தார்கள். எந்த எண்ணில் இருக்கிறோம் என்பதை விரல் அறிய முடியாது, கண்ணால் படிக்க வேண்டும். அடுத்த வருடமே கேனான் டி90 வந்தது. லூயிஜி கொலானி என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரின் கைவண்ணமும் அதில் உண்டு. மூலையும் முனையும் மழுங்கி, உள்ளங்கைக்கு ஏற்ற வளைவோடு இருந்தது. ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஒரே ஒரு சக்கரம். ஆள்காட்டி விரல் பட்டனில் இருக்கும், ஒரு இழுப்பு பின்னால் இழுத்தால் சக்கரம். எண் மேலே எழுதியிருக்காது. ஆனால் சொடுக்கு மட்டும் திரும்ப வந்துவிட்டது. இன்றைக்கு டிஎஸ்எல்ஆர் என்று நாம் வாங்கும் பெட்டிக்கு இந்த டி90-ஐப் பாட்டன் என்றே சொல்லலாம்.

டிஜிட்டல் வந்தபோது கேமராவின் உடம்பை யாரும் புதிதாக யோசிக்கவில்லை. 1991-ல் கோடக் வெளியிட்ட முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர், நிகான் எஃப்3 கேமராவின் உடம்பிலேயே ஃபிலிமுக்குப் பதில் மின்னணுத் தகட்டை வைத்தது. 1.3 மெகாபிக்சல்தான். படங்களைச் சேர்த்துவைக்கத் தனிப்பெட்டி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். 1999-ல் நிகான் டி1, 2003-ல் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கேனான் 300டி. அதற்குப் பிறகுதான் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் ரோல் மாற்றுகிற சத்தம் நிற்க ஆரம்பித்தது.

ஃபிலிம் போனதும் இடப்பக்கத்து டப்பாவுக்கு வேலை போய்விட்டது. வலப்பக்கத்துச் சுருளும் போய்விட்டது. அங்கே பிடி பருத்தது, அதற்குள் பேட்டரி குடியேறியது. மின்னணு என்று ஆன பிறகு பட்டனை எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் உலகத்துப் புகைப்படக்காரர்களின் கை பழகிவிட்டது. அதனால் எல்லாம் வலப்பக்கமே நின்றது, இன்னும் கூடவே சேர்ந்தது.

பழசின் அடையாளம் வேறு சிலவும் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் கேமராவை எடுத்துப் பாருங்கள். திமிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டமும் அதை ஊடுருவும் ஒரு கோடும் இருக்கும். உள்ளே ஃபிலிம் இருக்கும் இடம் இதுதான் என்ற குறி. அந்த நாளில் டேப் பிடித்துத் தூரம் அளக்க அதைத்தான் வைத்துக்கொள்வோம். இப்போது ஃபிலிம் இல்லை, குறி இருக்கிறது. மோடு டயலில் "டிவி" என்று ஒரு எழுத்து. தொலைக்காட்சிக்கு ஒயர் மாட்டுவதற்கு என்று ஒரு வாரம் நான் அதைத் தொடவே இல்லை. நேரத்தின் அளவு, அதாவது ஷட்டர் வேகம் என்று அப்புறம்தான் தெரிந்தது. பழைய கேமராக்களின் ஷட்டர் டயலில் கடைசியாக "பி" என்று ஒரு எழுத்து இருக்கும். என் கேமராவில் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே போனால் 30 விநாடி தாண்டி "பல்ப்" என்றே வருகிறது. அமுக்குகிறவரை திறந்திருக்கும், விட்டால் மூடும். அண்ணனின் அப்பா கையில் இருந்த அதே ரப்பர் பல்புதான். ரப்பர் போய், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயர் மட்டுமா தங்கியிருக்கிறது? கேமராவின் இடப்பக்கத்து ரப்பர் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒயர் மாட்டும் ஓட்டை ஒன்று இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் விசாரித்தேன். "ரிமோட் ஒயர் சார், யாரும் கேக்கறதில்ல" என்று தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடுகிற காசுதான். ஒயரின் முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பட்டன். பாதி அமுக்கினால் ஃபோகஸ், முழுக்க அமுக்கினால் படம்.

அடுத்த ஞாயிறு மறுபடி சிதம்பரம். அண்ணன் முதலில் என்னை எக்ஸாக்டாவை எடுக்கச் சொன்னார். நான் போன பிறகு அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். மர அலமாரியில் பூசணம் பிடிக்காமல் இருக்க எப்போதும் ஒரு சின்ன பல்ப் எரியும், அதற்குப் பக்கத்தில் தோலுறையில் இருந்தது. இடது கையில் வாங்கினார். விரல்கள் தேடவே இல்லை, நேராகப் போய் நெம்பிலும் பட்டனிலும் உட்கார்ந்தன. நெம்பை இழுத்தார், பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஷட்டர் துணி இறுகிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்டாண்டைப் பிரித்து, என் கேமராவை மாட்டி, ஒயரைச் செருகி, அதன் முனையை அவர் இடது கையில் வைத்தேன். எதிரே ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் வியூஃபைண்டரில் குனியவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். கையில் பட்டன் பாதி அமுங்கி, கேமரா பீப் என்றது. "இது எதுக்குக் கத்துது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் அமுக்கிவிட்டார்.

பன்னிரண்டு படம் எடுத்தார். எண்ணிக்கொண்டே எடுத்தார், ஒரு ரோல் தீர்ந்தது போலப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டார். மூன்றில் நான் கண்ணை மூடியிருந்தேன். ஒயரைத் திருப்பித் தரும்போது, "அப்பா பல்பை இந்தக் கையிலதான் வச்சிருப்பார்" என்றார். நான் வாங்கிக்கொள்ளவில்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது காலையில் பத்திலிருந்து பதினொன்று வரை பாஸ்போர்ட் அளவுப் படங்களை அண்ணன்தான் எடுக்கிறார் என்று மகன் போனில் சொன்னான். ஃபோகஸ் புள்ளி, வெளிச்சம் எல்லாம் மகன் வைத்துக்கொடுத்துவிடுகிறான். பேச்சுக் கொடுத்து முகத்தை இளக வைத்து அமுக்குவது அவர் வேலை.

அன்றைக்கு எடுத்த முதல் படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தார். மஞ்சக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். என்னை யாரும் இவ்வளவு நன்றாக எடுத்ததில்லை. படம் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அது அண்ணன் தப்பு இல்லை, ஸ்டாண்டை வைத்தது நான்.